வெயில் காலத்துல வேலை ஆட்களைக் காப்பாத்துறது எப்படி? தண்ணியும் மோரும் வச்சா போதுமா?

#1 சூளைக்காரன், ஆலங்குளம் பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். நான் செங்கல் சூளை வச்சிருக்கேன். கல் அறுக்கவங்க, காயவச்சுத் திருப்புதவங்க, சூளை அடுக்குதவங்க, லோடு ஏத்துதவங்கன்னு சீசன்ல ஆளுங்க நிறைய. பாதிப்பேர் குடும்பத்தோட சூளையிலேயே தகரக் கொட்டகையில தங்கியிருக்காவ.

போன சித்திரையில லோடு ஏத்திக்கிட்டிருந்த பையன் ஒருத்தன் மத்தியானம் பேச்சு குளறி அப்படியே விழுந்துட்டான். வேலைக்குச் சேர்ந்த வாரம் அது. ஆட்டோவுல தூக்கிப் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிழைச்சுட்டான். ஊருக்குப் போனவன் திரும்பி வரல.

அதுக்குப் பிறகு நிழல்ல மண்பானை வச்சேன், மோர் வச்சேன். சாயந்திரம் பாத்தா பானையில பாதி கூடக் குறையல. பொம்பளையாளுவ பானைப் பக்கமே வர மாட்டேங்காவ. ஏன்னு கேட்டா, "இருக்கட்டும் அண்ணாச்சி, வேலை ஓடட்டும்"ங்காவ.

மழையும் முன்ன மாதிரி இல்ல. கல் காயுத நேரத்துல பேய்மழை கொட்டி, இன்னும் சுடாத பச்சைக்கல் எல்லாம் மண்ணாப் போகுது. வெயில் அடிச்சா உடம்பு போகுது, மழை பெஞ்சா கூலி போகுது. பங்குனி பிறக்கதுக்குள்ள ஒழுங்கா ஏதாவது செய்யணும்னு இருக்கேன். பெரிய கம்பெனி மாதிரி செலவழிக்க முடியாது. சின்ன அளவுல தொழில் நடத்துதவன் என்ன செய்யலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 பாளை மருத்துவன்

அண்ணாச்சி, தொழிற்சாலைகளுக்கு மருத்துவ அதிகாரியாகப் போய்வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பேச்சு குளறி விழுந்தது என்றால் அது வெறும் கெறக்கம் இல்லை, ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸை, நம் கணக்கில் 104 டிகிரியை ஒட்டிப் போய்விட்டால் மூளை தடுமாற ஆரம்பிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வரை காத்திருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்துவிட்டு அந்த இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலில் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். இந்த நாலு விஷயமும் உங்கள் சூளையில் குறைந்தது நாலு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, நாம் பேப்பரில் பார்க்கும் "பாளையங்கோட்டையில் 100 டிகிரி" என்ற எண் உங்கள் ஆட்களின் நிலையைச் சொல்லாது. அது நிழலில் எடுத்த காற்றின் வெப்பம். உடம்பைக் குளிர்விப்பது வியர்வை காய்வதுதான். காற்றில் ஈரம் கூடிவிட்டால் வியர்வை வழியுமே தவிர காயாது. அதனால்தான் வேலையிடத்து வெப்பத்துக்கு டபிள்யூ.பி.ஜி.டி. என்று தனி அளவு வைத்திருக்கிறார்கள். திறந்தவெளியில் அந்த அளவில் 70 சதவீதம் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது, 20 சதவீதம் வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் உள்ள சூடு, வெறும் 10 சதவீதம்தான் சாதாரண வெப்பமானி. ஆக, காற்றில் ஈரம் கூடிய உவரி, கூடங்குளம் கடற்கரையில் குறைந்த டிகிரியிலேயே ஒருவர் விழலாம். உங்கள் பக்கம் காற்று காய்ந்து வீசும் நாளில் அதே டிகிரியைத் தாங்கலாம். சூளை வாயில் நிற்பவருக்கோ வானிலை அறிக்கையே பொருந்தாது. கையடக்கக் கருவி கிடைக்கிறது, நாலைந்து சூளைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

விழுகிறவர் கண்ணுக்குத் தெரிகிறார். தெரியாமல் போவது சிறுநீரகம். நிகராகுவா, எல் சால்வடார் நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாமலேயே சிறுநீரகம் பழுதாகி ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். வெக்கையில் கடும் உழைப்பு, நீர் வற்றுவது, மறுநாளும் அதே. இதுதான் முக்கியக் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் செய்த ஆய்விலும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் தெரியவந்தார்கள். அதே நிறுவனம் வேலைக்குப் போகும் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. வெப்பத்தில் வேலை செய்தவர்களிடம் கரு கலைவதும் குழந்தை வயிற்றிலேயே இறப்பதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. உங்கள் சூளையில் கர்ப்பிணி யாராவது கல் சுமந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். கூலியைக் குறைக்காமல் வேறு வேலை கொடுங்கள்.

தண்ணீர் தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. 15, 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர். அதற்காக மடமடவென்று குடிக்கவும் வேண்டாம், மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. உப்புப் போட்ட மோர், நீராகாரம் இரண்டும் நல்லது. உப்பு மாத்திரை வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடைக்கு முன் ஒருமுறை டாக்டரைப் பார்க்கட்டும், நீரை வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

#3 முக்கூடல் பொண்ணு

> பொம்பளையாளுவ பானைப் பக்கமே வர மாட்டேங்காவ

அண்ணாச்சி, உங்க சூளையில பொம்பளைங்களுக்குக் கழிப்பறை இருக்கா? தண்ணி இல்லாம நாத்தமடிச்சுக் கிடக்கிற ஒண்ணைச் சொல்லல. கதவு, தாழ்ப்பாள், தண்ணியோட இருக்கா?

இல்லேன்னா அவங்க குடிக்க மாட்டாங்க. காலையில வீட்டை விட்டு இறங்குறப்பவே கணக்குப் போட்டுத்தான் இறங்குவாங்க, சாயந்திரம் இருட்டுற வரைக்கும் ஒண்ணுக்குப் போகாம இருக்கணும்னு. எங்க சித்தி சித்தாள் வேலைக்குப் போறவங்க. நீர்க்கடுப்பு வந்து வந்து காய்ச்சல்ல படுத்தவங்க. டாக்டர் "நிறையத் தண்ணி குடிங்க"ன்னு எழுதிக் குடுத்தாரு. வேலை பாக்குற இடத்துல மறைவே இல்லன்னு அவருகிட்ட எப்படிச் சொல்லுவாங்க?

பானை வைக்கிறதுக்கு முன்னால கழிப்பறை கட்டணும். சானிட்டரி நாப்கின் போட ஒரு மூடி போட்ட டப்பாவும் வையுங்க.

இன்னொண்ணும் சொல்லணும், எங்க அம்மா பீடி சுத்துறவங்க. முக்கூடல், கடையம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு இந்த வேலைதான். மேல தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ கிடந்து கொதிக்கும். கீழ மடியில தட்டு. ஃபேன் போட முடியாது, தூள் பறக்கும், நனைச்சு வச்ச இலை காஞ்சு மொறுமொறுன்னு ஒடியும். ஒடிஞ்ச இலைக்கு யாரும் புது இலை தர்றதில்ல. அதனால வெக்கையிலயே உட்கார்ந்திருப்பாங்க. வேலை பாக்குறது வீடுன்னாலும் சம்பாதிக்கிறது கம்பெனி. இந்தப் பேச்சுல அவங்களையும் சேர்த்துக்கோங்க.

#4 கடையநல்லூர்க்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கத்தார்ல கட்டுமானக் கம்பெனியில சேஃப்டி வேலை பாத்துட்டு ஊருக்கு வந்தவன் நான்.

அண்ணாச்சி எழுதுனதுல என் கண்ணுல பட்டது ஒரே வரிதான், "வேலைக்குச் சேர்ந்த வாரம்". வெக்கையில இறந்து போறவங்கள்ல பாதிக்கு மேல முதல் சில நாள்லயே போயிடுறாங்க. உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். அதுக்குள்ள வியர்வை கூடுதலாச் சுரக்கும், அதுல உப்பு குறையும், இருதயம் அடிக்கிறது நிதானப்படும். பழகாத ஆளை முதல் நாளே முழு வேலையில விடுறதுதான் ஆபத்து.

நாங்க வச்சிருந்த முறை அமெரிக்காவுல நியோஷ்ங்கிற தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு சொல்றது. புது ஆளுக்கு முதல் நாள் வெக்கையில 20 சதவீத வேலைதான். அப்புறம் தினமும் இருபது இருபதாக் கூட்டி அஞ்சாவது நாள் முழு வேலை. பழைய ஆள் கோயில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போயிட்டு வந்தா 50, 60, 80, நாலாவது நாள் 100. காய்ச்சல்ல கிடந்து எழுந்து வந்தவருக்கும் இதையே வையுங்க. மிச்ச நேரம் நிழல்ல செய்யுற வேலை குடுக்கலாம்.

கத்தார்ல 2021-லேர்ந்து ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் காலையில 10 மணியிலேர்ந்து 3.30 வரைக்கும் வெளியில வேலை கிடையாது. அது போக, டாக்டர் சொன்ன அந்த டபிள்யூ.பி.ஜி.டி. 32.1 டிகிரி செல்சியஸைத் தாண்டுனா எந்த நேரமா இருந்தாலும் வேலையை நிறுத்தணும். பக்கத்துல கேரளாவுல கோடையில 12 மணியிலேர்ந்து 3 வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு வருசா வருசம் உத்தரவு போடுறாங்க. செங்கோட்டையைத் தாண்டுனா அங்க இருக்கிற விதி இங்க இல்ல. உத்தரவு வரட்டும்னு நாம காத்திருக்க வேண்டியதில்ல.

ரெண்டு ரெண்டு பேராச் சேர்த்து விடுங்க. வெப்பம் ஏறுன ஆளுக்குத் தனக்கு என்ன ஆகுதுன்னு தெரியாது. எரிச்சலாப் பேசுவான், சொன்னதைத் திருப்பிக் கேப்பான், கால் இடறும். பக்கத்துல இருக்கிறவன் கண்ணுக்குத்தான் அது தெரியும்.

#5 வள்ளியூர் காண்ட்ராக்டர்

எல்லாரும் சொல்லுதது சரி. மனுசனா இருக்கிற யாரும் இதை வேண்டாம்னு சொல்ல மாட்டான். ஆனா நடைமுறையைக் கொஞ்சம் பாக்கணும்.

வீடு கட்டக் குடுத்தவர் தேதி குறிச்சு வச்சிருப்பாரு. கான்கிரீட் போடுத அன்னைக்கு நடுவுல நிறுத்த முடியாது, நிறுத்துன இடத்துல ஜாயின்ட் விழுந்து நாளைக்கு ஒழுகும். சென்ட்ரிங் ஆளுங்க சதுர அடிக்கு ரேட் பேசி வாரவங்க. உட்காருங்கன்னா அவங்களே உட்கார மாட்டாங்க. பத்து மணிக்கு நிறுத்தி நாலு மணிக்குத் திரும்ப வாங்கன்னா, நாங்குநேரியிலேர்ந்து பஸ்ல வாரவன் நடுவுல எங்க போவான்? நாள் சம்பளம் யாரு குடுப்பா? நான் ஒருத்தன் மட்டும் குடுத்தா என் கொட்டேசன் கூடிப்போகும். வேலை அடுத்தவன் கைக்குப் போயிடும். இதுக்கு வழி சொல்லுங்க, நான் செய்யத் தயார்.

#6 ஆலைக் கணக்கர், அம்பாசமுத்திரம்

காண்ட்ராக்டர் தம்பி கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. அரிசி ஆலையில் கூலிக் கணக்கு எழுதி எழுதி நான் கண்டதைச் சொல்கிறேன்.

நம் பக்கத்துத் தொழில்களில் பாதி எண்ணிக்கைக் கூலி. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு, மூடைக்கு இவ்வளவு. இந்த முறையில் ஓய்வெடுப்பவர் தன் காசைத்தான் விடுகிறார். மணிக்கு நூறு கல் அறுக்கிறவர் கால் மணி நேரம் நிழலில் உட்கார்ந்தால் 25 கல்லின் கூலி போயிற்று. தண்ணீர் குடிக்கப் பானைவரை நடந்தாலும் அப்படித்தான். இதில் முன்பணம் வாங்கி வந்த குடும்பம் என்றால் அதை அடைக்கும் அவசரமும் சேரும். "வேலை ஓடட்டும் அண்ணாச்சி" என்று அவர்கள் சொன்னதன் பொருள் இதுதான். பானையும் பந்தலும் தேவைதான், ஆனால் ஓய்வுக்குக் கூலி கொடுக்காத வரை அவற்றை யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

கணக்கை வைத்தே பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, ஒரு ஜோடி எட்டு மணி நேரத்தில் ஆயிரம் கல் அறுத்து ஆயிரம் ரூபாய் வாங்குகிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரம் ஓய்வு. ஏழு மணி நேரத்தில் 875 கல், 875 ரூபாய். ஓய்வு நேரத்துக்கு 125 ரூபாய் தனியாகக் கொடுக்கிறீர்கள். கல் ஒன்றுக்கு அது பதினாலு காசு சொச்சம். இந்தப் பதினாலு காசுக்கு நடுவில்தான் ஒரு மனிதரின் சிறுநீரகம் இருக்கிறது.

அதுவும் அந்த 125 கல் அப்படியே குறைந்துவிடும் என்பது கணக்குக்காகச் சொன்னது. எல் சால்வடாரில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர், ஓய்வு, நடமாடும் நிழல் மூன்றையும் கொடுத்து, அரிவாளையும் மாற்றிப் பார்த்தார்கள். ஒரு ஆள் ஒரு நாளில் வெட்டுவது குறையவில்லை, கூடியது. டாக்டர் சொன்ன அந்த டபிள்யூ.பி.ஜி.டி. அளவு 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் உழைப்புத்திறன் 2 முதல் 3 சதவீதம் குறைகிறது என்று உலக சுகாதார அமைப்பும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. உச்சி வெயிலில் வேலை வாங்கினாலும் கல் குறையத்தான் செய்கிறது, யாரும் அதை எழுதி வைப்பதில்லை.

சிலர் கோடைக்கு ரேட்டைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்பார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். ரேட் கூடினால் ஆள் இன்னும் வேகமாக அறுப்பார், ஓய்வு இன்னும் குறையும். ஓய்வுக்கென்று தனிக் காசு, அதுவும் மணி அடித்து எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தும்போது மட்டும். ஒருவர் நிறுத்தி இன்னொருவர் ஓட்டினால் நிறுத்தியவருக்கு மனசு கேட்காது. அந்தக் காசை முன்பணத்தில் கழிக்காமல் வாராவாரம் கையில் கொடுங்கள்.

தம்பி, கொட்டேசன் விஷயத்தில் தனி ஒருவராக எதுவும் நடக்காது. வள்ளியூரில் காண்ட்ராக்டர்கள் சங்கமாக உட்கார்ந்து, பங்குனி முதல் வைகாசி வரை எல்லா கொட்டேசனிலும் "வெயில் ஓய்வு" என்று ஒரு வரி போடுவோம் என்று முடிவெடுங்கள். சிமென்ட், கம்பி மாதிரி அதுவும் கட்டடச் செலவுதான்.

#7 கடையநல்லூர்க்காரன்

கான்கிரீட் விஷயத்துக்கு நான் சொல்றேன். 40 டிகிரி செல்சியஸுக்கு மேல கான்கிரீட் போடுறதுக்கு ஐ.எஸ். 7861-னு தனி இந்தியத் தர விதியே இருக்கு. வெயில்ல போட்டா தண்ணி சீக்கிரம் ஆவியாகி வெடிப்பு விடும். அதனால சாயந்திரம் ஆரம்பிச்சு ராத்திரி முடிக்கிறது, இல்லேன்னா விடியக்காலம் ஆரம்பிக்கிறது. கான்கிரீட்டுக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது. ஒண்ணு மட்டும், ராத்திரி வேலை பாத்தவரை மறுநாள் காலையில திரும்ப நிறுத்தக் கூடாது. வெளிச்சத்துல கஞ்சத்தனம் வேண்டாம், பாம்பும் இருக்கு, பள்ளமும் இருக்கு.

நாங்குநேரியிலேர்ந்து வாரவருக்கு நடுவுல தங்க ஒரு கொட்டகை, ஒரு பாய், முகம் கழுவத் தண்ணி. பெரிய செலவில்ல.

#8 வண்ணார்பேட்டை அக்கா

நான் ஜவுளிக்கடையில சேல்ஸ். வெயில்ல நிக்கலையேன்னு எங்களை யாரும் நினைக்கிறதில்ல. கரண்ட் செலவுக்காக ஆள் வராத நேரம் ஏசியை நிறுத்திடுவாங்க. மூணாவது மாடி, ஜன்னல் கிடையாது, மேல மொட்டை மாடி. யூனிபார்ம் பாலியஸ்டர், அதுக்கு மேல கோட்டு.

2021-ல தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு, கடையில வேலை பாக்குறவங்களுக்கு உட்கார இருக்கை போடணும்னு. நாங்க அதைக் கேட்டு வாங்கினோம். இப்ப ஸ்டூல் இருக்கு. அடுத்தது பருத்தித் துணியில யூனிபார்ம் கேட்டிருக்கோம். கடைக்காரங்க யாராவது இதைப் படிச்சா, துணி விக்கிறவங்க நீங்க, உங்க ஆளுங்களுக்குக் காத்தோட்டமான துணி குடுங்க. பலகாரக் கடை அடுப்படியையும் ஒரு தடவை போய்ப் பாருங்க. அல்வா கிண்டுறவர் மணிக்கணக்கா அந்தச் சட்டிக்கு முன்னால நிக்காரு. அடுப்புக்கு மேல புகை போகக் கூண்டு வச்சு, வெளியில இழுக்குற ஃபேன் போட்டு, ஆளை மாத்தி மாத்தி விட்டா அவரும் மனுசனா வீட்டுக்குப் போவாரு.

#9 பணகுடி காத்தாடி

காற்றாலை மெயின்டனன்ஸ். டவர் உள்ள இரும்புக் குழாய், மேல மிஷின் அறை, வைகாசியில கையை வைக்க முடியாது. எங்க டீம்ல கோடையில மேல ஏறுற வேலையை 9 மணிக்குள்ள முடிச்சுடுறோம். மயங்குன ஆளை உயரத்துலேர்ந்து கீழ இறக்குறதுதான் கஷ்டம், அதனால ரெஸ்க்யூ கிட்டும் அதுல பழகுன ரெண்டாவது ஆளும் இல்லாம யாரும் ஏற மாட்டோம். இடிச் சத்தம் கேட்டா இறங்கிடணும்.

#10 ஜங்ஷன் கடை

வெயிலைப் பத்தியே பேசுதோம். 2023 டிசம்பர் 17, 18-ஐ மறந்துடக் கூடாது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. தாமிரபரணி கரையைத் தாண்டி திருநெல்வேலியில கொக்கிரகுளம், ஜங்ஷன், வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணி. எங்க தெருவுல கடைக்குள்ள கழுத்தளவு.

தண்ணி வடிஞ்ச மறுநாள் நாங்க என்ன செஞ்சோம்? கடைப் பையன்களைக் கூப்பிட்டு வெறுங்காலோட சேத்தை அள்ளச் சொன்னோம். எல்லாக் கடையிலயும் அதுதான் நடந்துச்சு. சரக்கைக் காப்பாத்தணும்னு பதட்டம். சாக்கடை, செத்த எலி எல்லாம் கலந்த தண்ணி அது. எங்க பக்கத்துக் கடைப் பையனுக்கு அப்புறம் காய்ச்சல் வந்து ரொம்பச் சிரமப்பட்டான். வெள்ளம் வந்தா ஆட்களை எப்படிப் பாதுகாக்கதுன்னு டாக்டர் எழுதுனா நல்லா இருக்கும்.

#11 பாளை மருத்துவன்

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். வெள்ளத்துக்குப் பின் முதலில் நினைக்க வேண்டியது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் உள்ள கிருமி காலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாகக்கூட உடம்புக்குள் போகும். காய்ச்சல் அன்றைக்கே வராது, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில், சிலருக்கு ஒரு மாதம் கழித்தும் வரும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால், சேற்றில் வேலை பார்த்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடுவார்கள். அது சிறுநீரகத்தையும் ஈரலையும் பிடிக்கும்.

முழங்கால் வரை கம்பூட், ரப்பர் கையுறை இரண்டும் கடையின் பரணில் புரட்டாசிக்குள் இருக்க வேண்டும், வெள்ளம் வந்தபின் எந்தக் கடையிலும் கிடைக்காது. காலில் புண் உள்ளவரைச் சேற்றில் இறக்காதீர்கள். தொடர்ந்து இறங்க வேண்டியவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் என்ற தடுப்பு மாத்திரை கொடுப்பது உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள், கர்ப்பிணிகள் தாமாக எடுக்கக் கூடாது. மெயின் சுவிட்சை எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம்.

காண்ட்ராக்டர் தம்பிக்கும் இதில் ஒரு சேதி. தளத்தில் ஈரம் காக்கக் கட்டி வைக்கும் தண்ணீர், லிஃப்ட் குழி, திறந்த டிரம், எல்லாவற்றிலும் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வடித்துத் தேய்த்துவிட்டு நிரப்புங்கள்.

#12 முக்கூடல் பொண்ணு

வீட்டுல வேலை பாக்குறவங்களுக்கு என்ன வழின்னு யாரும் சொல்லலையே?

#13 ஆலைக் கணக்கர், அம்பாசமுத்திரம்

மகளே, மறக்கவில்லை. இலையும் தூளும் கொடுத்து எண்ணிக்கையில் பீடி வாங்கும் கம்பெனிக்கு அந்த வீடும் வேலையிடம்தான் என்றுதான் நான் பார்க்கிறேன். கம்பெனிகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வேலைக்கு எடுக்கும் வீடுகளின் கூரைக்குக் கோடைக்கு முன் வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுக்கலாம். கோடையில் இலை ஒடியும் என்பது தெரிந்ததே, அந்தச் சேதத்துக்கு மாசி முதல் ஆனி வரை கூடுதல் இலை கொடுக்கலாம். ஏஜெண்ட் கடையில் பீடி ஒப்படைக்கும் நேரத்தை உச்சி வெயிலிலிருந்து காலைக்கு மாற்றலாம். இதற்குக் காசே வேண்டாம்.

குஜராத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கத்தில் வெப்பக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வெப்பம் போனால் யாரும் விண்ணப்பிக்காமலேயே வங்கிக் கணக்கில் பணம் விழும். 2024 கோடையில் சுமார் 50,000 பெண்களுக்குத் தலைக்கு 400 ரூபாய் போல வந்தது. சின்னத் தொகைதான். ஆனால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு உட்கார அது ஒரு துணை. பீடிச் சங்கங்கள் கம்பெனிகளையும் சேர்த்துக்கொண்டு இதைக் கேட்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒரு தகவல். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு, ஆனால் இறப்புக்குக் காரணம் அதுதான் என்று உரிய அதிகாரி சான்று தர வேண்டும். "நெஞ்சுவலி" என்று எழுதி அடக்கம் செய்துவிட்டால் பின்னால் ஒன்றும் செய்ய முடியாது. தொழிற்சாலைகளில் 250 பேருக்கு மேல் வேலை பார்த்தால் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948-ஆம் வருடச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. நாற்பது பேர் வேலை பார்க்கும் சூளைக்கு அந்த வரி எட்டவில்லை. அங்கே முதலாளியின் மனசுதான் வேலை செய்ய வேண்டும்.

#14 சூளைக்காரன், ஆலங்குளம் பக்கம்

எல்லாத்தையும் மறுபடி மறுபடி படிச்சேன். வீட்டுல என் வீட்டம்மாவும் படிச்சாவ. செய்யப் போறதை எழுதுதேன், குறை இருந்தா சொல்லுங்க.

கழிப்பறை ரெண்டு, பொம்பளையாளுவ தங்குத பக்கத்துல. கொத்தனாரு வந்து இடம் பாத்துட்டாரு. தண்ணி டாங்க் மேலயே வைக்கோம்.

மாசிக் கடைசியிலேர்ந்து வேலை விடியக்காலம் நாலு டு பத்து, சாயந்திரம் நாலு டு ஆறு. நடுவுல மணி அடிச்சு கால் மணி நேர ஓய்வு நாலு தடவை. அந்த ஒரு மணி நேரத்துக்குக் கணக்கர் அண்ணாச்சி சொன்ன மாதிரி தனிக் கூலி, சனிக்கிழமை கையில. மழையில கரைஞ்ச பச்சைக்கல்லுக்கும் அறுத்த கூலியைக் குடுத்துடுததுன்னு இருக்கேன், மழைக்கு அவங்க என்ன செய்வாவ? தார்ப்பாய் கூடுதலா வாங்கிப் போடுதேன். புது ஆளுக்குக் கடையநல்லூர் பாய் சொன்ன அஞ்சு நாள் கணக்கு.

ஒண்ணுதான் இடிக்குது. விடியக்காலம் எழுந்து வேலை பாத்தவங்க மத்தியானம் தூங்கணும். தகரக் கொட்டகைக்குள்ள அந்த நேரம் யாரால தூங்க முடியும்? ஓலை போடலாம்னா பக்கத்துலயே சூளை, தீப்பொறி பறக்கும். என்ன செய்ய?

#15 மில் தாத்தா, விக்கிரமசிங்கபுரம்

தம்பி, நான் மில்லுல வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவன். நூல் அறுந்து போகக் கூடாதுன்னு காத்துல ஈரத்தை ஏத்தி வச்சிருப்பாவ, அந்தப் புழுக்கத்துலதான் எங்க ஆயுசு போச்சு. காத்து எப்படி நடக்கும்னு ஓரளவு தெரியும்.

தகரத்தை மாத்த வேண்டாம். மேல வெள்ளைப் பூச்சு ரெண்டு கோட்டு, சுண்ணாம்புல பசை கலந்து அடிச்சாலும் போதும், வருசா வருசம் மழை முடிஞ்சதும் திரும்ப அடிக்கணும். உள்ள தகரத்துக்குக் கீழ ஒரு முழம் இடைவெளி விட்டு மூங்கில் தட்டி கட்டுங்க, தகரத்துச் சூடு தலையில இறங்காது. முகட்டுல சூடான காத்து வெளியேற நீளத்துக்கும் ஒரு சந்து விடுங்க, மழை அடிக்காம மேல ஒரு தொப்பித் தகரம். கீழ மேற்குச் சுவத்துலயும் கிழக்குச் சுவத்துலயும் எதிரும் புதிருமா ஜன்னல். ஆலங்குளத்துக்கு வைகாசி தொடங்கி மேகாத்து, அதான் மேற்குக் காத்து, செங்கோட்டைக் கணவாய் வழியா நேரா வரும், அதை மறிச்சுக் கல் அடுக்காதீங்க. காத்து காஞ்சு வீசுத நாள்ல மேற்கு ஜன்னல்ல கோணிச் சாக்கை நனைச்சுத் தொங்க விட்டா உள்ள நல்லாக் குளிரும். புழுக்கமான நாள்ல சாக்கை எடுத்துடணும், இல்லேன்னா ஈரம் கூடி இன்னும் கஷ்டம். கொட்டகையையும் சூளையை விட்டுத் தள்ளி, காத்து வர்ற பக்கத்துல வச்சுக்கோங்க. புகையும் சூடும் அந்தப் பக்கம் போகாது. வேப்பங்கன்னு இப்பவே நட்டு வையுங்க.

#16 ஆலைக் கணக்கர், அம்பாசமுத்திரம்

அண்ணாச்சி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். மணி அடிக்கப் போவது யார்? மேஸ்திரியிடம் கொடுக்காதீர்கள். கல் எண்ணிக்கையில் கமிஷன் வாங்குகிறவர் அவர், மணி தள்ளிப் போகும். கமிஷன் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அவரிடம் இருக்கட்டும், நீங்களே ஓட்டச் சொன்னாலும் அவர் நிறுத்தலாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

#17 சூளைக்காரன், ஆலங்குளம் பக்கம்

சரி அண்ணாச்சி. கல் திருப்புததுல ஒரு ஆச்சி இருக்காவ, நாள் கூலி அவங்களுக்கு. எனக்கே பயப்பட மாட்டாவ. அவங்ககிட்ட குடுத்துடுதேன். தட்டி கட்டதுக்கு மூங்கில் எங்க மலிவாக் கிடைக்கும்னு தாத்தா சொன்னா இந்த வாரமே வண்டி அனுப்பிடுவேன்.